அடுப்பின் காவல்: சேர்வராயன் மலை வீடுகளில் நெருப்பும் வெப்ப அலாரமும்

சேலம் நகருக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலையின் வரலாற்றை எழுதுவோர் காபித் தோட்டங்களில் தொடங்கி, ஐரோப்பியரின் கோடை வாசம், கிறித்தவச் சபைகளின் பள்ளிகள், பாக்சைட் சுரங்கங்கள், இன்றைய சுற்றுலா என்ற வரிசையில் செல்வது வழக்கம். அந்த வரிசைக்கு அடியில் அதிகம் பேசப்படாத இன்னொரு வரலாறு உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், குளிரும் பனிமூட்டமும் காய்ந்த புல்லும் பருவந்தோறும் மாறி மாறி வரும் ஒரு மேட்டு நிலத்தில், மக்கள் நெருப்பை எங்கே வைத்தார்கள், யார் அதைக் கண்காணித்தார்கள், அது வரம்பு மீறியதை எதைக் கொண்டு அறிந்தார்கள் என்பதே அந்த வரலாறு.

அந்த வரலாற்றின் இன்றைய முனையில் நிற்பது வீட்டுக்கான வெப்ப அலாரம் என்னும் சிறு கருவி. சமையலறையின் மேற்கூரையில் பொருத்தப்படும் இக்கருவி, சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை குறித்த ஓர் அளவை எட்டியதும் உரத்த ஒலி எழுப்பும்; புகை அலாரத்தைப் போலப் புகையையோ நீராவியையோ அது பொருட்படுத்துவதில்லை. சேர்வராயன் மலையின் காடுகளில் பற்றும் தீயின் வெப்பத்தைச் செயற்கைக்கோள் கண்டறிந்து வனத்துறைக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்க, அதே மலையின் சமையலறைகள் இன்றும் பெரும்பாலும் மூக்கையும் கண்ணையும் மட்டுமே நம்பி இருக்கின்றன. காட்டுக்குக் கிடைத்த காவல் வீட்டுக்குக் கிடைக்காமல் போனதன் காரணங்களையும், அக்காவலை வீட்டுக்குள் சரியாகக் கொண்டுவரும் முறையையும் விளங்கிக்கொள்ள, கூரையும் எரிபொருளும் தலைமுறைதோறும் மாறிவந்த கதையைப் பின்தொடர வேண்டியுள்ளது.

புல்கூரையும் அணையாத அடுப்பும்

இம்மலையில் மனிதர் வாழ்ந்த தொன்மைக்குக் கற்கருவிகளே முதற்சான்று. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்லியலுக்குப் புதிய பாதை வகுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பணி ஓய்வுக்குப் பின் இம்மலையிலுள்ள ஏற்காட்டில் வாழ்ந்தார். சேர்வராயன் மலையில் கிடைத்த புதிய கற்காலக் கற்கோடரிகளும் அவருடைய சேகரிப்பில் இடம்பெற்றன. மெருகேற்றிய அத்தகைய கோடரிகள் மரம் வெட்டவும் நிலம் திருத்தவும் பயன்பட்டவை என்று கருதப்படுவதால், வெட்டிய காட்டை எரித்துத் துப்புரவு செய்யும் பழக்கமும் இங்கு மிகப் பழையதாக இருக்கக்கூடும்.

எழுத்துச் சான்றுள்ள காலத்தில் இம்மலையின் குடிகளாக அறியப்படுவோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயர் கேரளத்தை நினைவூட்டினாலும் இவர்கள் தமிழ் பேசுவோர். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்ததாக அவர்களுடைய மரபுக்கதை கூறுகிறது. சாமை, கேழ்வரகு, தினை ஆகியவற்றைப் பயிரிட்ட இம்மக்களின் பழைய வீடுகள், மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி மண் பூசிய சுவர்களும் மலைப்புல் வேய்ந்த கூரையும் கொண்டவை. தீயின் நோக்கில் பார்த்தால் அத்தகைய வீடு முழுவதுமே எரிபொருள்தான். ஆயினும் அதற்குள் அடுப்பு நாள்தோறும் எரிந்தது, குளிர்காலத்தில் இரவிலும் தணலாகக் கிடந்தது.

இந்த முரணை மக்கள் சமாளித்தது மூன்று வழிகளில். முதலாவது, அடுப்பைக் கூரையின் தாழ்ந்த ஓரத்திலிருந்து விலக்கி, மண்ணால் மெழுகிய தரையில் தாழ வைத்தனர். இரண்டாவது, இரவில் கங்குகளைச் சாம்பலால் மூடினர். தீப்பெட்டி எளிதில் கிடைக்காத காலத்தில் காலையில் மீண்டும் நெருப்பு மூட்டுவதற்குத் தணலைக் காப்பது எவ்வளவு தேவையோ, அது பறந்து கூரையைத் தொடாமல் காப்பதும் அவ்வளவு தேவையாக இருந்தது. மூன்றாவது, அடுப்பருகில் எப்போதும் ஓர் ஆள் இருந்தார். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணாகவோ முதிய தாயாகவோ இருந்தது. தமிழகத்துக் கூரை வீடுகள் பலவற்றில் அடுப்புக்கு மேல் பரண் கட்டித் தானியத்தையும் விதைகளையும் வைப்பதுண்டு. கீழிருந்து எழும் புகை பூச்சியை விலக்கியது, கூரைப்புல்லை உலர்த்திக் கெடாமல் வைத்தது, ஆனால் அதே புகை காலப்போக்கில் பரணிலும் கூரையின் உட்புறத்திலும் எளிதில் பற்றும் கரிப்படலத்தைப் படியவும் வைத்தது.

ஆக, அன்றைய வீட்டில் எச்சரிக்கைக் கருவி மனிதரே. வெடிக்கும் விறகின் ஒலியையும், வழக்கத்துக்கு மாறான நெடியையும், முகத்தில் படும் சூட்டையும் கொண்டு அவர் தீயை அறிந்தார். அடுப்பைவிட்டு அவர் அகலாதவரை அந்தக் காவல் ஓரளவு போதுமானதாக இருந்தது. அவர் உறங்கும்போதும், வயலுக்கோ கூலிக்கோ போகும்போதும் அது அற்றுப்போயிற்று.

காட்டுத் தீக்கு வந்த கண்காணிப்பு

வீட்டுக்கு வெளியே நெருப்பு ஓர் உழவுக் கருவியாகவும் விளங்கியது. சரிவில் உள்ள புதரை வெட்டி, கோடையில் காயவைத்து எரித்து, சாம்பல் படிந்த நிலத்தில் சில பருவங்கள் விதைத்தபின் வேறிடம் செல்லும் புனக்காட்டு வேளாண்மை தமிழக மலைகள் பலவற்றிலும் வழக்கில் இருந்தது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், காட்டைத் தேக்கும் சந்தனமும் தரும் சொத்தாகக் கருதிய அரசு, இந்த எரிப்பைப் பெரும் தீங்காகப் பார்க்கத் தொடங்கியது. 1856இல் சென்னை மாகாணத்தில் வனத்துறை உருவாயிற்று. 1860களில் மத்திய மாகாணத்தின் போரி காட்டில் கர்னல் பியர்சன் மேற்கொண்ட தீத்தடுப்பு முயற்சி பிற மாகாணங்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. வனவியல் வல்லுநர் டீட்ரிக் பிராண்டிஸ் சென்னைக்கு வந்து ஆலோசனை கூறிய காலத்தில் 1882ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஒதுக்குக் காடுகளில் தீ வைப்பது குற்றமாயிற்று.

சட்டத்தோடு கூடவே தீக்கோடும் வந்தது. தீக்கோடு என்பது, புல்லும் சருகும் இல்லாமல் செதுக்கி வைக்கப்பட்ட நீண்ட வெற்று நிலப் பட்டை. தரையோடு பரவிவரும் தீ எரிக்க எதுவுமின்றி அதன் விளிம்பில் நிற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். வடகிழக்குப் பருவமழை முடிந்து புல் காயும் தை, மாசி மாதங்களில் இக்கோடுகளைப் புதுப்பிப்பதும், கோடை முடியும்வரை தீக்காவலர்களை அமர்த்துவதும் வனத்துறையின் ஆண்டுக் கடமைகள் ஆயின. காட்டில் உரிமை பெற்றோர் தீயைக் கண்டால் அதிகாரிக்குத் தெரிவித்து அணைக்க உதவ வேண்டும் என்ற பொறுப்பும் இந்தியக் காட்டுச் சட்டங்களில் இடம்பெற்றது. இதனால் மலைக்குடிகள் தம் பழைய உழவு முறையின் பெரும்பகுதியை இழந்தனர் என்பதையும், அவர்களே பின்னர் தீயணைக்கும் கூலிகளாக அழைக்கப்பட்டனர் என்பதையும் இவ்வரலாறு மறைக்கக் கூடாது.

காவலரின் கண்ணுக்கு அடுத்த படியாக வந்தது விண்வெளிக் கண். டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் 2004 முதல் மோடிஸ் என்னும் உணர்கருவி அனுப்பும் தரவைக் கொண்டு நாடெங்கும் காட்டுத் தீ எச்சரிக்கைகளை வழங்கி வருகிறது. 2017 முதல், 375 மீட்டர் அளவுள்ள நிலப்பகுதியைத் தனித்தறியும் நுட்பமான உணர்கருவியும் சேர்க்கப்பட்டது. இவை புகையைத் தேடுவதில்லை. சுற்றியுள்ள நிலத்தைவிட மிகுதியாக அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும் புள்ளியை, அதாவது வெப்பத்தை, அடையாளம் காண்கின்றன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்றோர் காட்டுத் தீயில் சிக்கிப் பலர் உயிரிழந்தபின், தமிழக மலைகளில் இத்தகைய முன்னறிவிப்பின் அருமை பொதுமக்களுக்கும் விளங்கியது. ஆயினும் செயற்கைக்கோள் காணும் அளவுக்குக் காட்டில் தீ வளர்வதற்கும், ஒரு சமையலறையில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொள்வதற்கும் இடையே பெரும் இடைவெளி உள்ளது. அந்த இடைவெளியில்தான் வீடுகள் இருக்கின்றன.

பங்களாவும் லைன் வீடும்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலைக்குக் காபியையும் பேரிக்காய் முதலிய பழமரங்களையும் கொண்டுவந்தார் என்பது ஏற்காட்டின் வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. அடுத்து வந்த பதிற்றாண்டுகளில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பெருக, முன்பு இல்லாத இரண்டு வகை வீடுகள் மலையில் தோன்றின. ஒன்று தோட்ட உரிமையாளரின் பங்களா. மற்றொன்று தொழிலாளர்கள் வரிசையாக அடுத்தடுத்த அறைகளில் குடியமர்த்தப்பட்ட லைன் வீடு.

பங்களாவில் நெருப்பு இரண்டாகப் பிரிந்தது. குளிர்காயும் கணப்பு, செங்கல் புகைபோக்கியுடன் வரவேற்பறையின் சுவருக்குள் குடியேறியது; சமையல் அடுப்போ, இந்தியாவெங்கும் ஐரோப்பியர் பின்பற்றிய வழக்கப்படி, பெரும்பாலும் முதன்மைக் கட்டடத்திலிருந்து விலகிய தனிக் கட்டடத்துக்குச் சென்றது. சூடும் புகையும் விருந்தினரை எட்டாதிருக்கவே இந்த ஏற்பாடு என்றாலும், தீப் பாதுகாப்பின் அடிப்படை விதி ஒன்றை, அதாவது எரியும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் பிரித்து வைப்பதை, அது நிறைவேற்றியது. கூரையிலும் மாற்றம் வந்தது. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையைப் பின்பற்றித் தென்னிந்தியாவில் பல சூளைகள் எழுந்தன. சுட்ட மண்ணாலான அந்த ஓடு தீப்பொறி பட்டால் பற்றாது என்பதால், புல்கூரையின் அச்சத்திலிருந்து வசதி படைத்தோர் முதலில் விடுபட்டனர். ஆனால் ஓட்டைத் தாங்கும் மரச்சட்டங்களும், பலகையால் அடைத்த உட்கூரையும், புகைபோக்கியில் படியும் கரியும் புதிய அபாயங்களாக மிஞ்சின.

லைன் வீட்டில் இதற்கு நேர்மாறான நிலை. ஒரே அறையிலோ அதன் ஒட்டுத் திண்ணையிலோ அடுப்பும் படுக்கையும் விறகுக் கட்டும் நெருங்கியிருந்தன. அறைகளுக்கிடையே சுவர் கூரைவரை எட்டாத இடங்களில் ஒரு வீட்டின் தீ அடுத்த வீட்டின் கூரைக்குத் தாவ வழி இருந்தது. மலையின் சாரலிலும் மூடுபனியிலும் நனைந்த விறகு எப்போதும் புகைந்ததால், புகை என்பது அபாயத்தின் அறிகுறியாக இல்லாமல் அன்றாட வாழ்வின் பகுதி ஆயிற்று. வெப்ப அலாரத்தின் தேவையை விளங்கிக்கொள்ள இந்த உண்மை இன்றியமையாதது: புகைக்குப் பழகிப்போன வீட்டில் புகை எதையும் எச்சரிப்பதில்லை.

எரிபொருள் மாறியபோது

இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்துச் சமையலறை அடுத்தடுத்துப் பல மாற்றங்களைக் கண்டது. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதும் தணலைக் காக்கும் தேவை மறைந்தது. மண்ணெண்ணெய் விளக்கும் அடுப்பும் பரவின. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு 1950களில் வடிவமைத்த புகையில்லா அடுப்பும், மத்திய அரசு 1983இல் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டமும் விறகு அடுப்புக்குப் புகைபோக்கி தர முயன்றன. சமையல் எரிவாயு 1955இல் பர்மா ஷெல் நிறுவனத்தால் பம்பாயில் விற்பனைக்கு வந்தது; இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் 1960களின் நடுவில் தொடங்கியது. தமிழக அரசு 2007இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பையும் இணைப்பையும் வழங்கத் தொடங்கியது. 2016 மே முதல் நாளில் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. கண்ணைக் கரிக்கும் புகையிலிருந்து பெண்களை விடுவித்த இம்மாற்றங்களின் பெருமையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆயினும் தீயின் இயல்பு மாறியது. விறகுத் தீ வளர நேரம் பிடிக்கும். எரிவாயுத் தீ திருகைத் திருப்பிய கணத்தில் முழு வலிமையுடன் எரியும். காற்றைவிடக் கனமான எரிவாயு கசிந்தால் தரையோடு தங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதை உணர்த்தவே மெர்காப்டன் என்னும் நெடி மிகுந்த பொருள் அதில் கலக்கப்படுகிறது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அகலும் பழக்கமும் இக்காலத்தில்தான் வளர்ந்தது. விறகை அடிக்கடி தள்ளிவிட வேண்டிய காலத்தில் அடுப்பருகே ஆள் இருந்தே ஆக வேண்டும், எரிவாயு அடுப்புக்கு அது தேவையில்லை. இவ்வாறு, பல நூற்றாண்டுகளாக மனிதரே ஆற்றிவந்த காவல் பணி, அதற்கு மாற்று எதுவும் வராமலேயே கைவிடப்பட்டது.

சமையலறைத் தீயும் கூரையும் சேர்ந்தால் விளையும் பேரழிவைத் தமிழகம் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கண்டது. பள்ளியின் சத்துணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. சமையற்கூடங்கள் வகுப்பறைகளிலிருந்து விலக்கப்பட்டன. 2010இல் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. கூரை எரியாத பொருளாக மாறியது பெரும் முன்னேற்றம். ஆனால் அப்பேரழிவின் இன்னொரு பாடம், தீ தொடங்கிய இடத்திலிருந்து மக்கள் இருந்த இடத்துக்கு எச்சரிக்கை சென்று சேர வழியிருக்கவில்லை என்பது, வீடுகளைப் பொறுத்தவரை இன்னும் முழுமையாக உள்வாங்கப்படவில்லை.

வெப்பத்தை அறியும் கருவியின் பிறப்பு

தீயை இயந்திரம் அறிந்து சொல்ல வேண்டும் என்ற எண்ணம் தந்திக் காலத்தில் பிறந்தது. 1852இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் தந்தி வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்பும் பெட்டிகளைத் தெருக்களில் அமைத்தது. ஆனால் தீயைக் கண்ட மனிதர் ஓடிவந்து கைப்பிடியை இயக்கினால்தான் அது வேலை செய்யும். மனிதர் இல்லாதபோதும் தீயை அறிய, சிறு சூட்டிலேயே உருகும் உலோகம் வழி திறந்தது. பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவற்றைக் கலந்து 1860இல் பார்னபாஸ் உட் உருவாக்கிய கலவை சுமார் 70 பாகை செல்சியசிலேயே, அதாவது தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு வெகு கீழேயே, உருகிவிடும். இத்தகைய கலவையால் ஒட்டப்பட்ட இணைப்பு சூடுபட்டு விடுபட்டதும் மின்சுற்று இணையவோ, நீர்க்குழாயின் வாய் திறக்கவோ செய்யலாம். 1881இல் ஃப்ரெடரிக் கிரினெல் காப்புரிமை பெற்ற தானியங்கி நீர்த்தெளிப்பான் இத்தத்துவத்தில் அமைந்தது.

எடிசனோடு பணியாற்றிய ஃபிரான்சிஸ் ராபின்ஸ் அப்டன் 1890இல் மின்சாரத் தீ அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1902இல் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஜார்ஜ் ஆண்ட்ரூ டார்பி மின் வெப்பங்காட்டி ஒன்றை உருவாக்கினார். பிற்காலத்தில், இரு உலோகத் தகடுகளை ஒட்டி, அவை சமமற்று விரிவதால் வளைந்து மின்சுற்றைத் தொடும் ஈருலோகப் பட்டையும், சூடு ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர் என்னும் சிறு உணரியும் வந்தன. இன்றைய வீட்டு வெப்ப அலாரங்கள் பலவற்றுள் இருப்பது தெர்மிஸ்டரே.

இக்கருவிகள் இரு வகைப்படும். காற்று ஒரு நிலையான அளவை, வழக்கமாக 57 அல்லது 58 பாகையை, எட்டினால் ஒலிப்பவை நிலைவெப்ப வகை. வெப்பநிலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 பாகைக்கு மேல் வேகமாக உயர்ந்தால் ஒலிப்பவை ஏறுவேக வகை. இந்தியாவில் வெப்ப உணரிகளின் தரத்தை ஐ.எஸ். 2175 என்னும் தரக்குறியீடும், தீயறியும் அமைப்புகளை நிறுவும் முறையை ஐ.எஸ். 2189 என்னும் குறியீடும் வரையறுக்கின்றன. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி தீப் பாதுகாப்புக்கு உரியது. ஆனால் இவற்றின் கவனம் உயர்ந்த கட்டடங்கள், விடுதிகள், மருத்துவமனைகள், தொழிற்கூடங்கள் ஆகியவற்றின் மீதே குவிந்துள்ளது. சிறிய தனி வீட்டின் சமையலறையை அவை உரிமையாளரின் விவேகத்துக்கு விட்டுவிடுகின்றன. இதற்கு மாறாக, ஸ்காட்லாந்து 2022 பிப்ரவரி முதல் ஒவ்வொரு வீட்டின் சமையலறையிலும் வெப்ப அலாரத்தையும், வரவேற்பறையிலும் நடைவழியிலும் புகை அலாரத்தையும் ஒன்றோடொன்று இணைத்து வைப்பதைக் கட்டாயமாக்கியது. 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் 72 உயிர்களைப் பறித்த தீ ஒரு வீட்டின் சமையலறையில் இருந்த குளிர்பதனப் பெட்டியில் தொடங்கியதே அச்சட்டத்தை விரைவுபடுத்திய பின்னணி.

மலைவீட்டில் வைக்கும் முறை

இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் பார்த்தால், சேர்வராயன் மலை வீட்டின் சமையலறைக்கு வெப்ப அலாரம் ஏன் பொருந்தும் என்பது தெளிவாகும். விறகும் எரிவாயுவும் சேர்ந்து பயன்படும் வீடுகளில், ஈர விறகின் புகையும், குக்கரின் ஆவியும், தாளிப்பின் நெடியும், திறந்த சன்னல் வழியே உள்ளே புகும் மூடுபனியும் புகை அலாரத்தை அடிக்கடி வீணாக ஒலிக்கச் செய்யும். தினமும் பொய்யாக அலறும் கருவியைக் குடும்பத்தார் கழற்றி வைத்துவிடுவர். கழற்றப்பட்ட அலாரம் இல்லாத அலாரத்தைவிட மோசமானது, ஏனெனில் அது காவல் இருப்பதான நம்பிக்கையை மட்டும் விட்டுச்செல்கிறது. வெப்ப அலாரம் இத்தொல்லைகளுக்கு அசைவதில்லை. அதே வேளையில், அது புகை அலாரத்தைவிடத் தாமதமாகவே ஒலிக்கும் என்பதால், உறங்கும் அறைக்கும் வெளியேறும் வழிக்கும் அது போதாது. அங்கெல்லாம் புகை அலாரமே வேண்டும்.

பொருத்தும் இடத்தைத் தீர்மானிப்பது சூடான காற்றின் போக்கு. அது நேராக எழுந்து, மேற்கூரையைத் தொட்டுப் பரவும். சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று தேங்குவதால் சூடு அங்கே எளிதில் நுழையாது. ஆகவே சமதளக் கூரையில் கருவியை நடுப்பகுதியிலும், சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளியும் வைக்க வேண்டும்; பிரிட்டிஷ் நடைமுறைக் குறியீடு, அறையின் எந்த மூலையும் கருவியிலிருந்து 5.3 மீட்டருக்கு மேல் விலகியிருக்கக் கூடாது என்கிறது. அடுப்புக்கு நேர் மேலே வைப்பது தவறு. ஆவியும் அன்றாடச் சூடும் கருவியைத் தொல்லைப்படுத்தும். ஓட்டு வீட்டின் சாய்கூரையில் சூடு முகட்டில் சேர்வதால், கருவியும் முகட்டை ஒட்டி இருக்க வேண்டும். தகரக் கூரையின் அடிப்பகுதி உச்சி வெயிலில் கடுமையாகச் சூடேறும் என்பதால், அதில் நேரடியாக ஒட்டாமல் கீழே ஓர் உத்தரத்திலோ பலகையிலோ பொருத்துவதும், வெயில் மேகத்திலிருந்து வெளிப்படும்போது வீணே ஒலிக்காத நிலைவெப்ப வகையைத் தேர்வதும் நன்று. மலையடிவாரத்திலுள்ள சேலத்தில் கோடைச் சூடு மிகுந்து கூரைக்கடியில் வெப்பம் தங்கும் வீடுகளுக்கு, இன்னும் உயர்ந்த அளவில் ஒலிக்கும் கருவி தேவைப்படலாம். ஏற்காட்டின் மிதமான காற்றில் 58 பாகைக் கருவி ஏற்றது.

ஒலி யாருக்குக் கேட்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பழைய பங்களாக்களைப் போலச் சமையலறை பின்கட்டில் தனித்திருக்கும் வீடுகளில், அங்கே ஒலிக்கும் கருவி முன்கட்டில் உறங்குவோரை எழுப்பாது. எனவே வானொலி அலை வழியாகவோ கம்பி வழியாகவோ இணைந்து, ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும் அலாரங்களையே தேர வேண்டும். காற்றும் இடியும் மின்தடையைக் கொண்டுவரும் மலையில், மின்சாரத்தால் இயங்கும் கருவிக்கு மாற்று பேட்டரி இன்றியமையாதது. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும், ஒட்டடையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைப்பதும், வெள்ளையடிக்கும்போது கருவியின் மேல் சுண்ணாம்போ வண்ணமோ படாமல் காப்பதும், உற்பத்தியாளர் குறித்த ஆயுள் முடிந்ததும், பொதுவாகப் பத்தாண்டில், மாற்றுவதும் பயன்படுத்துவோரின் கடமைகள். மெழுகுவர்த்தியையோ தீக்குச்சியையோ காட்டிச் சோதிப்பது கருவியைக் கெடுப்பதோடு தீயையும் வரவழைக்கும்.

வெப்ப அலாரம் அறியாதவற்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசியும் எரிவாயுவை அது உணராது. நெடி தெரிந்தால் மின்விசையைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். குளிருக்காக மூடிய அறையில் கரியடுப்பை வைத்து உறங்கும்போது உருவாகும் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சு வாயுவையும் அது அறியாது. அப்பழக்கத்தைக் கைவிடுவதைத் தவிர அதற்கு எளிய தீர்வு இல்லை. கீற்றுக்கூரை அடியில் அது ஒலிக்கும் வேளையில் கூரை பற்றியிருக்கக்கூடும். அங்கே அடுப்பைத் தனிக்கொட்டகைக்கு மாற்றுவதே முதல் பாதுகாப்பு. கருவி ஒலித்தால், எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றாமல், இயன்றால் அடுப்பை அணைத்துச் சட்டியை மூடி, இயலாவிட்டால் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேறி, 101 அல்லது 112ஐ அழைக்க வேண்டும். வளைவு நிறைந்த மலைச்சாலையையும் தோட்டத்துக் குறுக்கு வழிகளையும் கடந்து தீயணைப்பு வண்டி வந்துசேரும்வரை உயிரைக் காப்பது, வீட்டார் முன்கூட்டிப் பழகிவைத்த இந்த ஒழுங்குதான். ஏற்காட்டில் பெருகிவரும் தங்கும் விடுதிகளிலும் வாடகைக் குடில்களிலும், வீட்டின் அமைப்பே தெரியாத விருந்தினர் உறங்குவதால், அவற்றை நடத்துவோருக்கு இவ்வொழுங்கை அவர்களிடம் எடுத்துரைக்க வேண்டிய கடமையும் உள்ளது.

காட்டைக் காக்கச் சட்டமும், தீக்கோடும், காவலரும், செயற்கைக்கோளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததற்குக் காரணம், அரசு அந்தக் காட்டைச் சொத்தாக மதித்தது. வீட்டு அடுப்பின் காவலை வீட்டுப் பெண்களின் தோளில் விட்டுவிட்டதற்குக் காரணம், அக்காவல் ஓர் உழைப்பாகவே எண்ணப்படவில்லை. அவர்கள் இன்று பள்ளிக்கும் தோட்டத்துக்கும் அலுவலகத்துக்கும் செல்கிறார்கள்; அடுப்பருகே மீண்டும் அமரும்படி அவர்களைக் கேட்பது நியாயமுமாகாது, நடைமுறையுமாகாது. எரிவாயு இணைப்பையும் காங்கிரீட் கூரையையும் பொதுப்பணத்தில் வழங்கத் துணிந்த ஒரு சமூகம், அவற்றோடு சேர்த்து வழங்க வேண்டிய மூன்றாவது பொருளாக வெப்ப அலாரத்தையும் கருதுமானால், சேர்வராயன் மலையின் லைன் வீடுகளிலிருந்தும் மலையாளி ஊர்களிலிருந்தும் அந்தப் பணியைத் தொடங்குவதே முறையாகும். தீயணைப்பு வண்டி மிகத் தாமதமாக எட்டக்கூடிய வீடுகளுக்கே முன்கூட்டிய எச்சரிக்கை மிகுதியாகத் தேவை.